செருப்பு மாட்டியதிலிருந்து செருப்பு கழற்றும் வரை

வீடு காட்ட வந்த புரோக்கர் சொன்னது பொய்யில்லை. "மெட்ரோவுல பத்தே நிமிஷம் மேடம், நாலு ஸ்டேஷன்தான்" என்றார். பெங்களூர் மெட்ரோவில் பென்னிகானஹள்ளியில் ஏறினால் பையப்பனஹள்ளி, சுவாமி விவேகானந்தா ரோடு, இந்திராநகர், அடுத்தது அல்சூர். ரயிலுக்குள் எத்தனையோ தடவை கடிகாரம் பார்த்துவிட்டேன், பத்து நிமிடத்தை ஒட்டித்தான் வருகிறது. ஆனால் கல்கெரெ பக்கத்தில் என் வீட்டு வாசலில் செருப்பு மாட்டியதிலிருந்து, அல்சூரில் ஆடிட்டர் ஆபீஸ் வாசலில் அதே செருப்பைக் கழற்றி ஓரமாக விடும் வரை, சராசரியாக ஒரு மணி இருபது நிமிடம் ஆகிறது. அந்தப் பத்துக்கும் இந்த எண்பதுக்கும் நடுவே போகிற எழுபது நிமிடத்தை யாரும் எங்கேயும் எழுதி வைப்பதில்லை. அதனால் நானே ஒரு நோட்டுப் போட்டு மூன்று மாதம் எழுதினேன். வீடு மாற யோசிக்கிற யாருக்காவது உதவும் என்றுதான் அதில் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

என் கணவர் வீட்டார் மூன்று தலைமுறையாக அல்சூரில் இருப்பவர்கள். நான் கல்யாணமாகி கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயலிலிருந்து வந்தவள். அல்சூரில் இருந்த வரைக்கும் போக்குவரத்து என்று ஒன்றைப் பற்றி நாங்கள் பேசியதே கிடையாது. சோமேஸ்வரர் கோயில், பஜார், ரேஷன் கடை, மகளின் பள்ளிக்கூடம், அத்தையின் கண் டாக்டர், என் ஆபீஸ், எல்லாமே நடை தூரம். வீட்டு உரிமையாளர் இடித்துக் கட்டப் போகிறேன் என்றதும் அதே ஏரியாவில் தேடினோம், 21 ஆயிரத்துக்குக் குறைந்து எதுவும் படியவில்லை, அட்வான்ஸ் வேறு பத்து மாத வாடகை கேட்டார்கள். 2023 அக்டோபர் 9 அன்றுதான் பையப்பனஹள்ளிக்கும் கே.ஆர்.புரத்துக்கும் நடுவில் விட்டுப்போயிருந்த மெட்ரோத் துண்டு திறந்திருந்தது, செல்லகட்டாவிலிருந்து ஒயிட்ஃபீல்டு வரைக்கும் ஒரே ரயில். சரி, இனி தூரம் ஒரு விஷயமே இல்லை என்று நினைத்து, அடுத்த பொங்கல் கழிந்ததும் 14 ஆயிரம் வாடகைக்கு இங்கே வந்தோம். மாதம் ஏழாயிரம் மிச்சம் என்பதுதான் அன்றைக்கு எங்கள் கண்ணில் பட்ட ஒரே எண்.

நோட்டு என்றால் மளிகைக் கணக்கு எழுதுகிற நீள நோட்டுதான். முதல் நாள் பக்கத்தை அப்படியே சொல்கிறேன். காலை 8.05-க்குச் செருப்பு. ஸ்டாப்புக்கு நடை 9 நிமிடம். காத்திருந்தது 17. பஸ்ஸுக்குள் 24, அதில் பாதி டின் ஃபேக்டரி சந்திப்பை நெருங்கும்போது நின்ற இடத்திலேயே நின்றது. இறங்கி, ரோடு தாண்டி, படி ஏறி, பை சோதனை முடிந்து பிளாட்பாரம் சேர 8. ரயிலுக்காக 5. ரயிலில் 10. அல்சூரில் இறங்கி வெளியே வந்து ஆபீஸ் வாசல் வரை 12. கூட்டினால் 85. இத்தனை கோடி செலவு செய்து கட்டிய ரயிலில் நான் உட்கார்ந்திருந்தது இந்த 85-இல் 10 நிமிடம். ரயில்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அந்தப் பத்து நிமிடம்தான் என் நாளிலேயே நிம்மதியான பகுதி. அதற்கு முன்னால் இருக்கிற நாலரை கிலோமீட்டர்தான் என்னைத் தின்கிறது.

முதல் வாரத்திலேயே புரிந்த ஒன்று, காத்திருப்பைத் தனிக் கட்டத்தில் எழுத வேண்டும் என்பது. நிற்கிற ஒரு நிமிடமும் போய்க்கொண்டிருக்கிற ஒரு நிமிடமும் உடம்புக்கு ஒன்றல்ல. திட்டமிடுகிறவர்களே காத்திருக்கும் நேரத்தைப் பயண நேரத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காக எடை போடுவது வழக்கம். மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2009-இல் நகரப் போக்குவரத்துக்கென்று சேவைத் தர அளவுகோல்கள் வெளியிட்டது, நாலு தரம் வைத்திருந்தார்கள். சராசரிக் காத்திருப்பு 4 நிமிடத்துக்குள் இருந்தால் முதல் தரம், 10 நிமிடத்தைத் தாண்டினால் கடைசித் தரம். ஆயிரம் பேருக்கு எத்தனை பஸ், ஒரு சீட்டுக்கு எத்தனை பேர் என்பதற்கும் அதே போலத் தரம் உண்டு. நல்ல அளவுகோல்தான். ஆனால் அது ஊர் முழுவதற்கும் ஒரு எண் சொல்கிறது, என் ஸ்டாப்பில் நிற்கிறவளுக்கு அந்த எண்ணால் ஒன்றும் ஆகாது.

அதோடு பஸ்ஸை எண்ணுவது ஒன்று, காத்திருப்பது வேறொன்று. இது கணக்குத்தான், யாரும் போட்டுப் பார்க்கலாம். ஒரு மணிக்கு நாலு பஸ் என்று வையுங்கள், சீராகப் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால், ஏதோ ஒரு நேரத்தில் போய் நிற்கிற ஒருத்தி சராசரியாக ஏழரை நிமிடம் நிற்பாள். அதே நாலு பஸ் டிராஃபிக்கில் மாட்டி இரண்டு இரண்டாக ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தால், இடைவெளி அரை மணி, சராசரிக் காத்திருப்பு 15 நிமிடம். பஸ் எண்ணிக்கை மாறவில்லை, டீசல் செலவு மாறவில்லை, பேப்பரில் எல்லாம் சரியாக இருக்கிறது, நிற்கிறவளின் நேரம் மட்டும் இரண்டு மடங்கு. முதல் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது, பின்னாலேயே வருவது காலியாக இருக்கும். அது தெரிந்தாலும் முதலில் வருவதில்தான் ஏறுகிறோம், அடுத்ததை நம்பி விடுவதற்கு யாருக்கும் தைரியம் இல்லை.

சராசரி பற்றி இன்னொன்று. இருபது வேலை நாள் காலைகளைப் பார்த்தால், எனக்கு ஆன குறைந்த நேரம் 62 நிமிடம், அதிகம் ஒரு மணி 55 நிமிடம். பத்து மணி ஆபீஸுக்கு நான் கிளம்புவது 8.05-க்கு. அதாவது சராசரியை நம்பி நான் கிளம்பவில்லை, இருபதில் மோசமான அந்த ஒரு நாளை நினைத்துக்கொண்டுதான் தினமும் கிளம்புகிறேன். மற்ற நாட்களில் அரை மணி முன்னதாகப் போய், பூட்டின ஆபீஸ் படியில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அரை மணியும் பயணம்தான், எந்தக் கணக்கிலும் வராது என்றாலும்.

என் சித்தப்பா இப்போதும் கே.ஜி.எஃப்.பிலிருந்து பெங்களூருக்குத் தினமும் ரயிலில் வந்து போகிறவர். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி தங்கச் சுரங்கம் மூடினதற்குப் பிறகு எங்கள் ஊரில் ஆயிரக்கணக்கானவர்களின் வாழ்க்கை அந்த ரயிலில்தான் ஓடுகிறது. போக வர நாலு மணி நேரம். "கஷ்டமா இல்லையா சித்தப்பா?" என்று ஒருமுறை கேட்டேன். "கஷ்டம்தான்மா. ஆனா எத்தனை மணிக்கு வீட்டுல சோத்துத் தட்டு முன்னாடி ஒக்காருவேன்னு உன் சித்திக்குத் தெரியும்" என்றார். அன்றைக்கு அது ஒரு சமாதானப் பேச்சு மாதிரி இருந்தது. நோட்டு எழுதினதற்கு அப்புறம்தான் அதன் அருமை தெரிகிறது. ஆகவே நீங்கள் அளந்தால், சராசரியோடு சேர்த்து மோசமான நாளையும் தனியாக எழுதுங்கள். இரண்டு வாரமாவது எழுதுங்கள், அதில் ஒரு திங்கட்கிழமையும் மழை பெய்த ஒரு நாளும் கண்டிப்பாக இருக்க வேண்டும். போவதையும் வருவதையும் வேறு வேறு வரியில் எழுதுங்கள், இரண்டும் ஒன்றாக இருந்ததே இல்லை. மத்தியானம் இரண்டு மணிக்குப் போனில் வரைபடத்தைத் திறந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், நாங்கள் செய்த தவறு அது.

இதெல்லாம் என் கதை. வீட்டில் நாலு பேர் இருக்கிறோம், நாலு பேருக்கும் இதே இடம் நாலு வேறு ஊர். கணவருக்கு பைக், ஆபீஸுக்கு அரை மணி. "எல்லாம் பக்கம்தானே" என்று அவர் சொல்வது அவர் அளவில் உண்மை. டாம்டாம் என்ற நிறுவனம் 2023-க்குப் போட்ட பட்டியலில் பெங்களூரில் 10 கிலோமீட்டர் போக 28 நிமிடத்துக்கு மேல் ஆகிறது என்று வந்தபோது, செய்தியெல்லாம் அதுதான். அது ரோட்டில் ஓடும் வண்டிகளின் வேகத்தை அளக்கிறது. வண்டியே இல்லாமல் ஸ்டாப்பில் நிற்கிறவர் அதில் ஒரு நொடிகூட வர மாட்டார்.

அத்தைக்கு 71 வயது. வரைபடத்தில் நேர்க்கோடு போட்டால் எங்கள் வீட்டிலிருந்து ஸ்டாப் 350 மீட்டர். ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் போக்குவரத்துக்கு ஒரு அளவு இருக்கிறது, பஸ் ஸ்டாப் 500 மீட்டருக்குள்ளோ ரயில் நிலையம் 1 கிலோமீட்டருக்குள்ளோ இருந்தால் வசதியான அணுகல் உள்ளவர்கள் என்று கணக்கு. வரைபடத்தில் வட்டம் போட்டால் நாங்கள் தேறிவிடுவோம். ஆனால் நடுவே ராஜகாலுவே என்கிற பெரிய மழைநீர்க் கால்வாய் ஓடுகிறது. அதைத் தாண்ட வழியில்லாமல் பெரிய ரோடு வரை போய்ச் சுற்றி வந்தால் 720 மீட்டர். லண்டனில் 1992-இலிருந்து ஒரு முறை வைத்திருக்கிறார்கள், வீட்டு வாசலிலிருந்து நிமிடத்துக்கு 80 மீட்டர் நடை என்று வைத்து, நடக்கும் நேரம், காத்திருக்கும் நேரம் எல்லாம் கூட்டி இடத்துக்கு மதிப்பெண் போடுவது. அதில் பஸ் ஸ்டாப் 640 மீட்டரைத் தாண்டி, அதாவது எட்டு நிமிட நடையைத் தாண்டி இருந்தால், அந்த ஸ்டாப்பைச் சேர்த்துக்கொள்வதே இல்லை. ஒன்பது நிமிடத்தில் போகிற எனக்கே அந்தக் கணக்கில் எங்கள் ஸ்டாப் இல்லாத ஸ்டாப். அத்தையோடு நடந்து போன் ஸ்டாப்வாட்சில் பார்த்தேன், 17 நிமிடம். நடுவில் ஒரு முறை மெடிக்கல் ஷாப் படியில் உட்கார்ந்தார்.

அப்புறம் ஒன்று, இதை எழுதலாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன். அத்தை பி.பி.க்குச் சாப்பிடும் மாத்திரை சிறுநீர் அதிகம் போக வைக்கும். வெளியே போகிற நாளில் விடிந்ததிலிருந்து அவர் தண்ணீர் குடிப்பதில்லை என்பதும், சில நாள் அந்த மாத்திரையையே தள்ளிப் போடுகிறார் என்பதும் எனக்கு நோட்டு எழுதும்போதுதான் தெரிந்தது. "வழியில எங்க போறது?" என்றார், அவ்வளவுதான். மெட்ரோ ஸ்டேஷனில் கழிப்பறை இருக்கிறது. அதற்கு முன்னால் இருக்கிற முக்கால் மணி நேரத்தில் எதுவும் இல்லை. போக்குவரத்து நன்றாக இருக்கிறதா என்று அளக்கிற யாரும் வயதான பெண்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கீழ் வீட்டு அக்கா அளப்பது வேறு விதம். லிங்கராஜபுரத்தில் இருந்த வரைக்கும் ஆறு வீட்டில் வேலை பார்த்தவர், எல்லாம் நடந்தே. இங்கே வந்த பிறகு இரண்டு வீடு. "பஸ்ஸு எத்தனைன்னு என்னக் கேக்காத, எத்தனை வீட்டுக்குப் போக முடியுதுன்னு கேளு" என்றார். அவருக்குத் தெரியாது, 1959-லேயே வால்டர் ஹான்சன் என்ற அமெரிக்கர் கிட்டத்தட்ட இதைத்தான் எழுதினார். ஒரு இடத்தின் அணுகலை அங்கிருந்து எட்டக்கூடிய வேலைகள், கடைகள், வாய்ப்புகள் எத்தனை என்று எண்ணி, தூரம் கூடக் கூட மதிப்பைக் குறைத்துக்கொண்டே போவது. இன்றைக்கும் உலகம் முழுக்க "45 நிமிடத்தில் எத்தனை வேலைகளை எட்ட முடியும்" என்று அளக்கிறார்கள். அக்காவின் கணக்கில் ஆறு இரண்டாகிவிட்டது. 2023 ஜூன் 11-இல் கர்நாடக அரசின் சக்தி திட்டம் வந்ததிலிருந்து பெண்களுக்கு பஸ் இலவசம், அது உண்மையிலேயே பெரிய உதவி, அந்தப் பணத்தில்தான் பையனுக்கு டியூஷன் வைத்திருக்கிறார். ஆனால் மூன்றாவது வீட்டுக்கு ஒன்பது மணிக்குள் போய்ச் சேர அவருக்குத் தேவை காசு இல்லை, சொன்ன நேரத்துக்கு வருகிற ஒரு பஸ்.

இப்போது நோட்டில் நான் கடைசியாகச் சேர்த்த கட்டம். தினமும் ராத்திரி சாப்பாடு ஆனதும் எல்லோரிடமும் கேட்டு எழுதுவேன். "இன்னிக்கு எங்க போனீங்க அத்தை?" "எங்கயும் போகலம்மா." அடுத்த நாளும் அதே. மூன்று வாரம் அத்தை பக்கம் முழுக்க ஒரு கோடு, ஒரு கோடு, ஒரு கோடு. பயணமே இல்லை, செலவே இல்லை, காத்திருப்பும் இல்லை. வெறும் எண்களாகப் பார்த்தால் எங்கள் வீட்டிலேயே போக்குவரத்துப் பிரச்சினை இல்லாத ஆள் அவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டல் போடும்போது அந்தக் கோடுகளைப் பார்த்து எனக்கு என்னவோ செய்தது. கேள்வியை மாற்றிக் கேட்டேன்: "எங்கெங்க போகணும்னு நெனச்சீங்க?"

கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிராமல் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு பிரதோஷம். மர்ஃபி டவுனில் இருக்கும் தங்கச்சிக்குக் கால் வீக்கம், பார்க்கணும் என்று இருந்தது. பஜாரில் வளையல் கடைக்காரம்மாவின் மகள் வளைகாப்பு. காக்ஸ் டவுனில் முப்பது வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தவர் தவறிப்போனார். "சாவுக்குப் போகல. பதினாறுக்காச்சும் போகலாம்னு நெனச்சேன், அன்னிக்கு மழை. உன்னக் கூப்பிட்டா லீவு போடணும்." கீரைக் காம்பை ஒடித்து முறத்தில் போட்டுவிட்டு, "கண் டாக்டர்கிட்டகூட போகணும்தான்" என்றார்.

எழுந்து போய் பீரோவிலிருந்து ஃபைலை எடுத்தேன். அத்தைக்கு கிளாக்கோமா, கண்ணில் அழுத்தம். தினமும் ராத்திரி சொட்டு மருந்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அழுத்தம் பார்க்க வேண்டும். அல்சூரில் இருந்தபோது ஒவ்வொரு தேதிக்கும் நேராக டாக்டர் கையெழுத்து இருந்தது, காய்கறி வாங்கப் போகிற வழியில் போய்விட்டு வந்துவிடுவார். வீடு மாறின பிறகு இரண்டு தேதி காலி. வலி இல்லை, சிவப்பு இல்லை, அந்த நோய் அப்படித்தான், ஓரத்திலிருந்து சத்தமில்லாமல் பார்வையை எடுத்துக்கொண்டு போகும், போனது திரும்பாது. அந்த வாரமே ஆட்டோ வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். பரிசோதனை முடிந்து டாக்டர் கறுப்பும் சாம்பலுமாக இருந்த படத்தைக் காட்டினார், இடது கண்ணில் மூக்கை ஒட்டிய பக்கம் முன்பைவிடக் கறுப்பு கூடியிருந்தது. கொஞ்சம்தான் என்றார், மருந்து மாற்றிக் கொடுத்தார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயே அலையுற, அதுக்குத்தான் சொல்லல" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலைக்கு எவ்வளவு தூரம், எதில் போகிறீர்கள் என்று கேட்டார்கள். நல்லதுதான். ஆனால் வேலைக்குப் போகிறவர்களிடம் மட்டும்தான் கேட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு, கோயிலுக்கு, துக்கத்துக்கு, ரேஷனுக்கு, பிள்ளையைக் கூட்டி வர என்று போகிற பயணங்கள் அதில் இல்லை, போகாமல் விட்டவை எங்கேயும் இல்லை. ஆகவே நீங்கள் என்ன அளந்தாலும் சரி, அளக்காவிட்டாலும் சரி, "போகாமல் விட்டது" என்று ஒரு கட்டம் போடுங்கள். பக்கத்தில் ஏன் என்று இரண்டு வார்த்தை. எங்கள் நோட்டில் பார்த்தால் காரணங்கள் நாலைந்துதான் திரும்பத் திரும்ப வருகின்றன: இருட்டு, மழை, முழங்கால், கூட வர ஆள் இல்லை, திரும்பி வர பஸ் இருக்குமோ இருக்காதோ. கட்டணம் என்பது ஒரே ஒரு தடவை வந்தது. மகளின் பக்கத்தில் இருட்டுதான் முழுக்க. இரண்டாம் பி.யு., அதாவது பிளஸ் டூ படிக்கிறாள், சாயங்காலம் ஷட்டில் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தவள், எட்டரைக்கு மேல் ஸ்டாப்பிலிருந்து தனியாக நடக்க வேண்டும் என்பதால் எங்களிடம் சொல்லாமலேயே நிறுத்தியிருந்தாள், கேட்டால் படிப்பு என்றாள்.

நான் கணக்கு வேலை பார்க்கிறவள், ஆகவே ஏழாயிரம் மிச்சத்தையும் போட்டுப் பார்த்தேன். மெட்ரோ, ஷேர் ஆட்டோ, அத்தைக்கு ஆட்டோ, அவசரத்துக்குக் கூப்பிட்ட வண்டி எல்லாம் சேர்த்து மாதம் 4,300. மீதி 2,700. அல்சூரில் ஆபீஸுக்கு நடை 15 நிமிடம், இங்கிருந்து 80, ஒரு வழிக்கு 65 நிமிடம் அதிகம், போக வர 130, மாதம் 25 நாள், 54 மணி நேரம். என் ஒரு மணி நேரத்தை 50 ரூபாய்க்குக் கொடுத்திருக்கிறேன். இதில் அத்தையின் கண்ணும் மகளின் ஷட்டிலும் சேரவில்லை, அவற்றுக்கு எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நோட்டால் ஒரு நல்லதும் நடந்தது. தெருவில் பேசிப் பார்த்ததில் பதினோரு வீட்டார் மூன்று வாரம் எழுத ஒத்துக்கொண்டார்கள், தமிழில், கன்னடத்தில், தெலுங்கில், ஒருவர் வாய்ஸ் மெசேஜாகவே அனுப்பினார், நான் எழுதிக்கொண்டேன். கூட்டிப் பார்த்தால் எல்லோர் பக்கத்திலும் இருந்தது ஒன்றுதான், ராஜகாலுவேயைச் சுற்றுகிற நடை. பஸ் கூட்டச் சொல்லிக் கேட்பதற்கு முன்னால் அதைக் கேட்போம் என்று முடிவு செய்து, "பஸ் வசதி சரியில்லை" என்று பொதுவாக எழுதாமல், எத்தனை பேர், ஒரு நாளைக்கு எத்தனை நடை, எத்தனை மீட்டர் சுற்று, யாருக்கு எத்தனை நிமிடம் என்று ஒரு பக்கத்தில் எழுதி, ஸ்டாப்வாட்ச் கணக்கோடு மனுக் கொடுத்தோம். மூன்று தடவை அலைந்தோம். ஐந்து மாதம் கழித்து இருபக்கமும் கைப்பிடி வைத்து ஒரு சின்ன நடைபாலம் போட்டார்கள். அத்தைக்கு 17 நிமிடம் 9 ஆனது. புது பஸ் ஒன்றுகூட வரவில்லை. ஆனாலும் அந்த மாதம் பிரதோஷத்துக்கு, பக்கத்து வீட்டம்மாவோடு, அவராகவே சோமேஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார்.

மனு எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: புலம்பலாக எழுதினால் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், ஒரே ஒரு இடத்தைக் காட்டி ஒரே ஒரு வேலையைக் கேட்டால் திருப்பி ஏதாவது கேள்வியாவது கேட்கிறார்கள். எங்களிடம் கேட்ட கேள்வி "மழைக்காலத்திலயும் இவ்வளவு பேரு போறாங்களா?" என்பது. மழை நாள் பக்கங்கள் இருந்ததால் அங்கேயே காட்ட முடிந்தது.

இருந்தாலும் இந்த வீட்டில் தொடர்வதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். போன ஞாயிற்றுக்கிழமை பையப்பனஹள்ளி பக்கம் ஒரு முதல் மாடி வீடு பார்க்கப் போனோம், வாடகை 17 ஆயிரம். புரோக்கர் சமையலறை, பால்கனி, தண்ணீர் எல்லாம் காட்டிவிட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் அத்தையைப் பார்த்தேன். அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "நேரத்தப் போடு" என்றார். போனில் ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். படி இறங்கினோம், அவர் வேகத்துக்கே நடந்தோம், ஒரு இடத்தில் நடைபாதைக் கல் பெயர்ந்திருந்தது, சுற்றிப் போனோம். மெட்ரோ வாசல் வந்தபோது பதினோரு நிமிடம் நாற்பது நொடி. அத்தை அங்கிருந்த திண்டில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பின்னாலேயே வந்த புரோக்கர், "அட்வான்ஸ் எப்போ தரீங்கம்மா?" என்றார்.

"இரு தம்பி, சாயங்காலம் ஏழு மணிக்கு இன்னொரு தடவை நடந்து பாக்கணும்" என்றார் அத்தை.